மானிட்டர் தூங்கக் கத்துக்கிட்ட கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது திரும்பத் திரும்ப வந்த வரிகளை மட்டும் எடுத்துவிட்டோம்.)

இன்னைக்கு வரலாறுதான். ஆனா ராஜா, போர், கோட்டை எதுவும் கிடையாது. உங்க மேஜை மேல இருக்கிற மானிட்டரோட வரலாறு. அதுலயும் அது எப்படித் தூங்கக் கத்துக்கிச்சு, தூங்கினா ஏன் சில நேரம் எழுந்திரிக்க மாட்டேங்குது என்கிற ஒரு சின்னப் பகுதி மட்டும்.

பொட்டிபுரத்துல பில்லிங் கடை மாதிரி ஒண்ணு வெச்சிருக்கிற ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். பொட்டிபுரம்னா உங்கள்ல பாதிப் பேருக்கு நியூட்ரினோதான் ஞாபகம் வரும். போடி மேற்கு மலைக்குள்ள சுரங்கம் தோண்டி ஆய்வகம் அமைக்கத் திட்டம் போட்டாங்களே, அந்த ஊரேதான். தம்பி கேட்டது அவ்வளவு பெரிய கேள்வி இல்ல. "அண்ணா, மானிட்டர் தூங்கிட்டா எழுந்திரிக்கவே மாட்டேங்குது. லைட் மட்டும் ஆரஞ்சுல எரியுது. மவுஸை ஆட்டினா சிபியூ ஓடுற சத்தம் கேக்குது, ஸ்க்ரீன் கறுப்பாவே இருக்கு. கரண்டைப் புடுங்கிச் சொருகினா வந்துடுது. இது ஏன்ணா?"

இதுக்கு ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிடலாம், கடைசியில சொல்றேன். ஆனா "இது ஏன்ணா" என்கிற கேள்விக்கு 1992-க்குப் போகணும். அதுக்கு முன்னாடி பொட்டிபுரத்துக்குப் பக்கத்துல போடிநாயக்கனூருக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாம். ஸ்க்ரீன் நாலு செகண்ட் கறுப்பா இருந்தா என்ன ஆகும்னு புரிஞ்சுக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியல.

போடி ஏலக்காய் ஊர். மேல ஏலமலை, கீழ வியாபாரம். ஏலக்காயை ஏலம் விடுற ஊர்னு சொல்லும்போதே தமிழ் நம்மைக் கிண்டல் பண்ற மாதிரி இருக்கும். ரொம்ப காலமா இந்த ஏலம் வாயாலதான் நடந்தது. ஒருத்தர் விலையைக் கூப்பிடுவார், வியாபாரிங்க ஏத்திக்கிட்டே போவாங்க. 2007-ல நறுமணப் பொருள் வாரியம் இதை மின்னணு ஏலமா மாத்தினது. அந்த வாரியமே 1987-ல பழைய ஏலக்காய் வாரியத்தையும் இன்னொரு ஏற்றுமதி அமைப்பையும் ஒண்ணாக்கி உருவானதுதான். புது முறையில ஒவ்வொரு வியாபாரிக்கும் முன்னாடி ஒரு கம்ப்யூட்டர். லாட் நம்பர் ஸ்க்ரீன்ல வரும். சாம்பிள் காய் கைக்கு வரும், உடைச்சுப் பாத்து, மோந்து பாத்து, பச்சை நிறத்தையும் காயோட பருமனையும் எடை போட்டு, விலையைக் கீபோர்டுல தட்டணும்.

மூக்கும் விரலும் பழைய மாதிரியேதான் வேலை செய்யுது. வாய் செஞ்ச வேலையை மட்டும் ஸ்க்ரீன் எடுத்துக்கிச்சு. 2019 ஆகஸ்ட்ல, மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புத்தடி ஏலத்துல கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனது. அப்படிப்பட்ட நாள்ல நூறு கிலோ லாட்டுக்கு ஒரே ஒரு தட்டு தவறினா என்ன நஷ்டம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம். நஷ்டம் வியாபாரிக்கு மட்டும் இல்ல. போட்டி போட வேண்டிய ஒருத்தர் ஸ்க்ரீன் கறுப்பா இருந்து போட்டி போடலன்னா, மலையில காய் பறிச்சு, உலர்த்தி, மூட்டை கட்டி அனுப்பினவருக்கும் விலை குறையும்.

சரி, இப்ப மானிட்டருக்கு வருவோம்.

ஆரம்பத்துல மானிட்டருக்குத் தூக்கமே கிடையாது. பழைய குண்டு மானிட்டர், அதாவது சி.ஆர்.டி., கண்ணாடிக்குப் பின்னாடி பாஸ்பர்னு ஒரு பூச்சு. எலக்ட்ரான் கற்றை அதுல படும்போது ஒளிரும். ஒரே இடத்துல ஒரே எழுத்து மணிக்கணக்கா ஒளிர்ந்தா அந்த இடம் தேஞ்சு, ஆஃப் பண்ணாலும் எழுத்தோட தடம் நிக்கும். பழைய ஏ.டி.எம். ஸ்க்ரீன்ல இதைப் பாத்திருப்பீங்க. 1983 டிசம்பர்ல ஜான் சோச்சா என்கிறவர் ஒரு பத்திரிகையில சின்ன புரோகிராம் ஒண்ணு வெளியிட்டார். மூணு நிமிஷம் யாரும் எதுவும் தட்டலன்னா ஸ்க்ரீனைக் கறுப்பாக்கிடும், அவ்வளவுதான். ஸ்க்ரீன் சேவர் என்கிற பழக்கம் பி.சி. உலகத்துல அங்கேருந்துதான் பரவினது. 1989-ல ஆஃப்டர் டார்க் வந்து றெக்கை முளைச்ச டோஸ்டரை ஸ்க்ரீன்ல பறக்க விட்டது.

கவனிக்க வேண்டியது, இது எல்லாம் ஸ்க்ரீனைக் காப்பாத்தின வேலை. கரண்டைக் காப்பாத்தல. டோஸ்டர் பறந்தாலும் மானிட்டர் அதே அளவு கரண்டைக் குடிச்சுக்கிட்டேதான் இருந்தது. இன்னைக்கும் சில ஆபீஸ்ல ஸ்க்ரீன் சேவர் போட்டா கரண்ட் மிச்சம்னு நம்புறாங்க. அவங்களோட சண்டை போட்டு நான் சலிச்சுட்டேன்.

கரண்ட் என்கிற கோணம் வந்தது 1992-ல. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எனர்ஜி ஸ்டார்னு ஒரு முத்திரையை அந்த வருஷம் ஆரம்பிச்சது. ஃப்ரிட்ஜ்ல, ஏ.சி.ல எல்லாம் நாம பாக்குற நட்சத்திரத்துக்கு ஒருவகையில மூத்த அண்ணன் அது. அதுல முதல்ல முத்திரை வாங்கின பொருள் ஃப்ரிட்ஜ் இல்ல, கம்ப்யூட்டரும் மானிட்டரும்தான். விதி சிம்பிள்: யாரும் பயன்படுத்தாத நேரத்துல 30 வாட்டுக்குக் கீழ இறங்கணும். அடுத்த வருஷம், 1993 ஏப்ரல்ல, அதிபர் கிளின்டன் ஓர் உத்தரவு போட்டார், அரசாங்க அலுவலகங்கள் இந்த முத்திரை இருக்கிற கம்ப்யூட்டரைத்தான் வாங்கணும்னு. அத்தனை பெரிய வாடிக்கையாளர் சொன்னா எந்தக் கம்பெனி மறுக்கும்?

அதே சமயத்துல ஸ்வீடன்லயும் இது நடந்துக்கிட்டு இருந்தது. எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான். அங்கே மானிட்டருக்கு விதி எழுதினவங்கள்ல டி.சி.ஓ.னு ஒரு தொழிற்சங்கக் கூட்டமைப்பும் உண்டு. ஆமா, யூனியன். நாள் முழுக்க ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்து வேலை பாக்குற ஊழியர்களோட உடம்புக்கு என்ன ஆகுதுன்னு கேட்க ஆரம்பிச்சு, கதிர்வீச்சு, மின்காந்தப் புலம், மின்சாரச் சிக்கனம்னு போய் 1992-ல தன் பேர்லயே ஒரு முத்திரை கொண்டுவந்தது. பழைய மானிட்டரோட மூலையில டி.சி.ஓ.னு ஒரு ஸ்டிக்கர் பாத்திருப்பீங்க. நம்ம ஊர்ல கம்ப்யூட்டர் சென்டர்ல உக்காந்து டைப் அடிச்ச யாருக்கும் அது ஒரு யூனியன் முத்திரைன்னு தெரிஞ்சிருக்காது.

இப்ப விதி வந்தாச்சு. மானிட்டர் தூங்கணும். ஆனா அதுகிட்ட "தூங்கு"ன்னு யார் சொல்றது, எந்தக் கம்பி வழியா சொல்றது?

இங்கதான் தம்பியோட ஆரஞ்சு லைட் பிறக்குது. அப்போ எல்லாருகிட்டயும் இருந்தது 1987-ல ஐ.பி.எம். கொண்டுவந்த வி.ஜி.ஏ. கேபிள். 15 ஊசி, பெரும்பாலும் நீலத் தலை. அதுல சிவப்பு, பச்சை, நீலம்னு நிறத்துக்கு மூணு கம்பி. அப்புறம் ரெண்டு தாளக் கம்பி. ஒண்ணு "இந்த வரி முடிஞ்சது, அடுத்த வரிக்குப் போ"ன்னு செகண்டுக்கு ஏறக்குறைய 31,500 தடவை துடிக்கும். இன்னொண்ணு "பக்கம் முடிஞ்சது, மேலேருந்து ஆரம்பி"ன்னு செகண்டுக்கு 60, 70 தடவை துடிக்கும். தூக்கத்தைப் பத்திப் பேச தனிக் கம்பி கிடையாது. கேபிளை மாத்தினா உலகத்துல இருக்கிற அத்தனை கம்ப்யூட்டரையும் மாத்தணும்.

அதனால 1993-ல வீசா அமைப்பு ஒரு வழி கண்டுபிடிச்சது. பாஸ்போர்ட்ல குத்துற விசா இல்ல, டிஸ்ப்ளே கம்பெனிகள் சேர்ந்து தரம் நிர்ணயிக்கிற சங்கம். அவங்க விதிக்குப் பேர் டி.பி.எம்.எஸ். அதோட சாரம் இதுதான்: சொல்றதுக்குக் கம்பி இல்லையா, அப்ப சொல்லாமலே சொல்லு. வரித் தாளத்தை மட்டும் நிறுத்தினா லேசான தூக்கம். பக்கத் தாளத்தை மட்டும் நிறுத்தினா அடுத்த கட்டத் தூக்கம். ரெண்டையும் நிறுத்தினா ஆழ்ந்த தூக்கம், ஆஃப் மாதிரி. தாளம் திரும்ப ஆரம்பிச்சா எழுந்திரு.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறின்னு சொல்வோம்ல, இங்கே மௌனம்தான் கட்டளை. ஒரு இன்ஜினியரா நான் இதை ரொம்ப ரசிக்கிறேன். ஒரு பைசா செலவில்லாம, ஒரு கம்பி கூட்டாம, பழைய கேபிள்லயே புது விஷயத்தைச் சொல்லிட்டாங்க. ஆனா இதுல ஒரு பொறி இருக்கு. கேபிள் லூசா இருந்தாலும் மௌனம்தான். கிராபிக்ஸ் கார்டு செத்தாலும் மௌனம்தான். கம்ப்யூட்டர் எழுந்திரிக்கும்போது டிரைவர் சிக்கி நின்னாலும் மௌனம்தான். மானிட்டருக்கு இது நாலுக்கும் வித்தியாசம் தெரியாது. எல்லாத்துக்கும் ஒரே ஆரஞ்சு லைட்.

அதனால தம்பி, ஆரஞ்சு லைட்டைப் பாத்து "மானிட்டர் போச்சு"ன்னு சொல்ற கடைக்காரரை உடனே நம்பாதீங்க. ஆரஞ்சு எரியுதுன்னா மானிட்டருக்குள்ள ஏதோ ஒண்ணு உயிரோட காத்துக்கிட்டு இருக்குன்னுதான் முதல்ல எடுத்துக்கணும். தாளம் வரல, அல்லது வந்த தாளம் அதுக்குக் கேக்கல.

இதுக்கு நேர் எதிரான ஒரு நோயும் உண்டு. லைட் பச்சைக்கோ நீலத்துக்கோ மாறிடும், படம் ரெண்டு செகண்ட் வந்து மறைஞ்சுடும். 2000-களின் நடுவுல குண்டு மானிட்டர் போய் எல்.சி.டி. வந்தப்போ இது ரொம்ப பிரபலம். அப்போ எல்.சி.டி.க்குப் பின்னாடி குச்சி மாதிரி மெல்லிய டியூப் லைட் இருந்தது. அதைப் பத்த வைக்க அதிக வோல்டேஜ் வேணும். அந்தக் காலத்துல மட்டமான கெப்பாசிட்டர் நிறைய போர்டுல ஏறிடுச்சு. தலை உப்பி, கசிஞ்சு, டியூபைப் பத்த வைக்கிற தெம்பு போயிடும். தொடர்ந்து ஓடிக்கிட்டு இருந்தா சமாளிக்கும், தூங்கி எழுந்தா தடுமாறும். டார்ச் அடிச்சு ஸ்க்ரீனைச் சாய்வா பாத்தா மங்கலா விண்டோஸ் தெரியும். படம் இருக்கு, வெளிச்சம்தான் இல்ல. பத்து இருபது ரூபாய் கெப்பாசிட்டரை மாத்தி அந்த மானிட்டரை அஞ்சு வருஷம் ஓட்டின மெக்கானிக்குகள் நம்ம ஒவ்வொரு ஊர்லயும் இருக்காங்க. அவங்களுக்குத் தனியா ஒரு எபிசோடு போடணும்.

அடுத்த திருப்பம் 1994. அதுவரைக்கும் மானிட்டர் ஊமை. கம்ப்யூட்டர் அனுப்புறதைக் காட்டும், அவ்வளவுதான். அந்த வருஷம் அதே வீசா சங்கம் மானிட்டருக்கு வாய் குடுத்தது. வி.ஜி.ஏ. கேபிள்ல அதிகம் பயன்படாம இருந்த ஊசிகள் வழியா மானிட்டர் தன்னைப் பத்தி 128 பைட்ல ஒரு ஜாதகம் அனுப்பும்: நான் இந்தக் கம்பெனி, இந்த மாடல், இத்தனை பிக்சல் தாங்குவேன்னு. இதை இ.டி.ஐ.டி.னு சொல்வாங்க. வெறும் 128 பைட். நம்ம எழுத்துல சொன்னா ஒரு நீளமான வாக்கியம்கூட அதுல அடங்காது.

அப்புறம் 1999-ல டி.வி.ஐ., 2002 கடைசியில எச்.டி.எம்.ஐ., 2006-ல டிஸ்ப்ளேபோர்ட்னு வரிசையா டிஜிட்டல் கேபிள்கள். இதுல புதுசா ஒரு கம்பி சேர்ந்தது, ஹாட் பிளக். "நான் இங்க இருக்கேன்"ன்னு மானிட்டர் கையைத் தூக்கிக் காட்டுற கம்பி. இதோட தூக்கம்கிறது ஒரு பக்கத்துக் கட்டளை இல்ல, ரெண்டு பேர் உரையாடல் ஆயிடுச்சு. எழுந்திரிக்கும்போது கம்ப்யூட்டர் "யாரு அது?"ன்னு கேக்கணும், மானிட்டர் ஜாதகத்தைக் குடுக்கணும், டிஸ்ப்ளேபோர்ட்டா இருந்தா எவ்வளவு வேகத்துல பேசலாம்னு ரெண்டும் ஒத்திகை பாக்கணும், படத்துக்குக் காப்புரிமைப் பூட்டு இருந்தா அதையும் திறக்கணும். இது எல்லாம் ஓரிரு செகண்டுக்குள்ள.

வி.ஜி.ஏ. காலத்துல எழுந்திரிக்கிறதுன்னா ஒரு சத்தம் கேட்டு முழிக்கிறது. இப்ப அது கதவைத் தட்டி, பேர் சொல்லி, அடையாள அட்டை காட்டி, உள்ள விடுறது. எங்க வேணும்னாலும் சிக்கலாம். மானிட்டர் தூக்கக் கலக்கத்துல தாமதமா பதில் சொன்னா, ஜாதகம் கிடைக்கலன்னு கம்ப்யூட்டர் ஏதோ ஒரு பழைய சைஸ்ல படத்தை அனுப்பிடும். காலையில வந்து பாத்தா ஐகான் எல்லாம் பூசணிக்காய் சைஸ்ல இருக்கிறது இதனாலதான்.

இன்னொரு கொடுமையை வொர்க் ஃப்ரம் ஹோம்ல எல்லாருமே அனுபவிச்சோம். ரெண்டு மானிட்டர் வெச்சு, எல்லா விண்டோவையும் அழகா அடுக்கி வெச்சுட்டு டீ குடிக்கப் போவீங்க. திரும்பி வந்தா எல்லாம் ஒரே ஸ்க்ரீன்ல குவிஞ்சு கிடக்கும். என்ன நடந்ததுன்னா, டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர்கள் பலது ஆழமா தூங்கும்போது தூக்கின கையையும் கீழ போட்டுடும். கம்ப்யூட்டருக்கு அது தூக்கமா, யாரோ கேபிளைப் புடுங்கினாங்களான்னு தெரியாது. மானிட்டரே போயிடுச்சுன்னு முடிவு பண்ணி, பொறுப்பா விண்டோவை எல்லாம் இருக்கிற ஸ்க்ரீனுக்கு மாத்திடும். மைக்ரோசாஃப்ட் இதுக்கு ஒரு பேர்கூட வெச்சு, 2021-ல வந்த விண்டோஸ் 11-லதான் ஒழுங்கா சரி பண்ணது. எந்த மானிட்டர்ல எந்த விண்டோ இருந்ததுன்னு இப்ப அது ஞாபகம் வெச்சுக்கும், செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளே பகுதியில அதுக்கு ஒரு டிக் இருக்கு.

பாருங்க, 1993-ல மானிட்டருக்குத் தெரியாம இருந்தது தூக்கமா, கேபிள் போச்சா என்கிற விஷயம். கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழிச்சு அதே குழப்பம் கம்பிக்கு இந்தப் பக்கம், கம்ப்யூட்டருக்கு வந்துடுச்சு.

இதுல நம்ம ஊர்ப் பங்கு ஒண்ணு இருக்கு. இந்த விதி எல்லாம் எழுதின அறைகள்ல கரண்ட் போகாது. விதியில இருக்கிறது ஆன், தூக்கம், ஆஃப். தமிழ்நாட்டுல 2012 வாக்குல சென்னைக்கு வெளிய பல மாவட்டங்கள்ல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் இல்லாம இருந்ததை மறந்திருக்க மாட்டீங்க. அப்போ சிபியூ யு.பி.எஸ்.ல, மானிட்டர் நேரா சுவர்லன்னு இணைச்சு வெச்ச கடைகள் ஏராளம், யு.பி.எஸ். கொஞ்சம் அதிக நேரம் தாங்கட்டும்னு. கரண்ட் போனா மானிட்டர் பாதி உரையாடல்ல செத்துடும், சிபியூ உயிரோட இருக்கும். திரும்ப வரும்போது சிபியூ தூக்கத்துல இருந்தா, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு "நீ முதல்ல பேசு"ன்னு நிக்கும்.

சரி தம்பி, உங்க பதில். கரண்டைப் புடுங்கிச் சொருகினா சரியாகுதுன்னு சொன்னீங்க. எதோட கரண்ட்னு சொல்லல, அதுதான் முக்கியம். அடுத்த தடவை இப்படி ஆனா மானிட்டர் பிளக்கை மட்டும் புடுங்கி, ஒரு நிமிஷம் விட்டுச் சொருகுங்க. படம் வந்தா சிக்கினது மானிட்டர் பக்கம். அதோட மெனுவுல ஆழ்தூக்கம், டீப் ஸ்லீப் மாதிரி ஏதாவது இருந்தா ஆஃப் பண்ணுங்க. இன்புட்டைத் தானா தேடுற ஆட்டோ செட்டிங்கை விட்டுட்டு, நீங்க போட்டிருக்கிற கேபிளையே நிரந்தரமா தேர்ந்தெடுத்து வைங்க. ஆட்டோவுல இருந்தா, நீங்க மவுஸை ஆட்டுற நேரத்துல அது வேற வாசலைத் தட்டிக்கிட்டு இருக்கும்.

படம் வரலன்னா, கீபோர்டுல விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி நாலையும் சேர்த்து அமுக்குங்க. கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி ஆரம்பிக்கும், ஒரு பீப் கேக்கலாம். அதுல வந்துட்டா டிரைவரைப் புதுப்பிக்கணும், மானிட்டரைத் தொட வேண்டாம். அதுவும் இல்லையா, கேபிளை மாத்திப் பாருங்க, முடிஞ்சா பக்கத்துக் கடை மானிட்டரையும் வாங்கி வந்து சொருகிப் பாருங்க. மானிட்டர், சிபியூ ரெண்டையும் ஒரே யு.பி.எஸ்.ல போடுங்க. புது மானிட்டர் வாங்குறது இது எல்லாம் முடிஞ்ச பிறகு.

ஏல அறை மாதிரி இடத்துக்கு என் கருத்து வேற. போடியில 2021 முதல் ஏலம் கிளவுட் வழியா நடக்குது. போடியில உக்காந்திருக்கிறவரும் புத்தடியில உக்காந்திருக்கிறவரும் ஒரே லாட்டுக்கு ஒரே நேரத்துல விலை தட்டலாம். அங்க போட்டி செகண்ட் கணக்குல. யோசிச்சுக்கிட்டு கையைக் கட்டி உக்காந்திருக்கிற வியாபாரியும், சாப்பிடப் போன குமாஸ்தாவும் கம்ப்யூட்டருக்கு ஒண்ணுதான், ரெண்டு பேருமே மவுஸைத் தொடல. இப்படிப்பட்ட இடத்துல ஏலம் நடக்குற நேரம் முழுக்க தூக்கத்தை அணைச்சு வைக்கிறதுதான் சரி. எனர்ஜி ஸ்டார் விதி மத்தியானம் சாப்பிடப் போகிற ஆபீஸுக்காக எழுதினது.

கரண்ட் வீணாகாதான்னு கேப்பீங்க. இன்னைக்கு ஒரு சாதாரண மானிட்டர் 20 வாட் அளவுக்குத்தான் எடுக்கும். ஏலம் முடிஞ்ச பிறகும் நாளுக்கு 16 மணி நேரம் சும்மா எரியவிட்டா வருஷத்துக்கு ஏறக்குறைய 117 யூனிட். பழைய 80 வாட் குண்டு மானிட்டரா இருந்தா 467 யூனிட். 1992-ல அவங்க ஏன் அவ்வளவு அவசரப்பட்டாங்கன்னு இந்த ரெண்டாவது நம்பரைப் பாத்தா தெரியும். அந்த 117 யூனிட்டை மிச்சம் பிடிக்க ஏல நேரத்துல மானிட்டரைத் தூங்கவிட வேண்டியதில்ல. சாயங்காலம் அறையைப் பூட்டும்போது சுவர் ஸ்விட்சை அணைச்சா போதும்.

தம்பி, பிளக் டெஸ்ட் பண்ணிட்டு எந்தப் பக்கம்னு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடு கீபோர்டு. தமிழ் 99-ஐ பத்திப் பேசப்போறோம்.